கை மரத்துப்போகிறது, தையலை விடவும் முடியவில்லை

15 வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். 3 மாதமாக ராத்திரி 2 மணி வாக்கில் வலது கை மரத்துப்போய் முழிப்பு வந்துவிடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். கையை உதறினால்தான் அடங்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை! மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கார்பல் டனல் என்றார் டாக்டர். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுத் தூங்குகிறேன், கொஞ்சம் தேவலை.

சரி, பகலில் என்ன செய்வது? லைனிங்கோடு நாலு மடிப்பாக வெட்டும்போது கத்தரிக்கோல் நழுவுகிறது. எலக்ட்ரிக் கத்தரி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அதன் அதிர்வு வலியைக் கூட்டுமா? ஹெம்மிங், கொக்கி வேலையை வெளியே கொடுப்பவர்கள் பீஸுக்கு எவ்வளவு தருகிறீர்கள்? தைலம் மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே 4 பாட்டில் இருக்கிறது.