புல்லீடின் பசிபிக் இன்ஜின்களைப் பிரித்துக் கட்டியது வீண் செலவா?

செயின்கட்சி: இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேக்காக அதன் தலைமை இயந்திரப் பொறியாளர் புல்லீட் வடிவமைத்த மெர்ச்சன்ட் நேவி வகை பசிபிக் (4-6-2 சக்கர அமைப்பு) நீராவி இன்ஜின்கள் மொத்தம் 30. 1956-ல் தொடங்கி 1959-க்குள், செயினால் ஓடும் வால்வு கியரை எடுத்துவிட்டு அத்தனையையும் பிரித்துக் கட்டினார்கள். அவருடைய இலகுவான வகையான 110 லைட் பசிபிக்குகளில் 60-ஐ 1961 வரை மாற்றினார்கள். 1963-லேயே லைட் பசிபிக்குகளைக் கழிக்க ஆரம்பித்தாயிற்று; 1967 ஜூலையில் அந்தப் பகுதியில் நீராவியே ஓய்ந்தது. காசைக் கரியாக்கிய வேலை.

ஷெட்மேஸ்திரி: ஷெட்டில் போன காசை யார் எண்ணுவது சார்? சிலிண்டருக்குள் நீராவி புகும் நேரத்தை ஆளும் மூன்று வால்வு கியரும் அவற்றை ஓட்டும் செயின்களும் இன்ஜின் சட்டகங்களுக்கு நடுவே ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள். சுமார் 40 கேலன். எண்ணெயிலேயே ஊறினால் தினமும் அடியில் புகுந்து எண்ணெய் விட வேண்டாம் என்பது கணக்கு. ஓடும்போது சட்டகம் நெளியும், தொட்டித் தகடு விரிசல் விடும். கசிந்த எண்ணெய் பாய்லரின் வெப்பக் காப்புப் போர்வையில் ஊறும். ஒரு தீப்பொறி பட்டால் போதும். தண்டவாளத்தில் சொட்டினால் சக்கரம் வழுக்கும். தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் பின்கள் துருப்பிடிக்கும். செயின் தேய்ந்து நீண்டாலோ வால்வு திறக்கும் நேரமே தப்பும். அசைவைக் கடத்தும் ராக்கர் கை அந்தப் பிழையைப் பெருக்கி வால்வுக்குக் கொடுக்கும்.

செயின்கட்சி: பாய்லரைப் பற்றி மூச்சே விடவில்லையே? வெல்டிங் செய்த எஃகு நெருப்புப்பெட்டி, உள்ளே தண்ணீரைச் சூடாக்கிச் சுழலவிடும் இரண்டு தெர்மிக் சைஃபன். மட்டமான கரியிலும் நீராவிக்குப் பஞ்சமில்லை. மாற்றியவர்களும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அழுத்தம்தான் சதுர அங்குலத்துக்கு 280 பவுண்டிலிருந்து 250. சக்கரங்களில் சமன் எடை சேர்த்ததில் தண்டவாளத்தில் விழும் குத்து கூடியது. லைட் பசிபிக் 86 டன்னிலிருந்து 90 ஆனது. இல்ஃப்ராகோம்ப் ஊருக்கான கிளைப் பாதைக்கு மாற்றாத இன்ஜின்தான் போக முடிந்தது!

கிராங்க்: 1953 ஏப்ரல் 24-ஐ மறந்துவிட்டீர்களா? க்ரூகெர்ன் ஊர் அருகே 35020 எண் மெர்ச்சன்ட் நேவி 'பிபி லைன்' ஓட்டத்திலேயே நடு அச்சு முறிந்தது. சோதனைக்காக 30 இன்ஜினையும் நிறுத்தி, வேறு பகுதிகளிலிருந்து இரவல் வாங்கினார்கள்.

செயின்கட்சி: அது உலோகச் சோர்வு. அந்தப் பழியை செயின் மேல் போடாதீர்கள்.

ஷெட்மேஸ்திரி: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்வு கியரை நீராவியால் நகர்த்தும் ரிவர்சரை விட்டுவிட்டீர்களே. சிலிண்டருக்குள் நீராவி விடுவது நிற்கும் புள்ளியான கட்-ஆஃபை டிரைவர் ஓரிடத்தில் வைப்பார், அது தானாக நகரும். மாற்றியதில் திருகு ரிவர்சர். வைத்த இடத்தில் நிற்கும். மூன்று சிலிண்டருக்கும் செயின் இல்லாத, வெளிப்படையான வால்ஷார்ட்ஸ் வால்வு கியர் வந்ததால் பழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. 1961-ல் மாற்றிய கடைசி லைட் பசிபிக்குகளை வேண்டுமானால் கேள்வி கேளுங்கள்.

செயின்கட்சி: அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்?

கிராங்க்: இல்லையே, மாற்றிய 90-ஐயும் (30 + 60) சேர்த்துத்தான் காசைக் கரியாக்கிய வேலை என்றீர்கள்.