ஸ்விஃப்ட் குளோஷருக்குள் ஆப்ஷனல் விலை: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, குமுளியிலிருந்து எழுதுகிறேன். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விலையைக் காட்டும் ஐபோன் செயலி ஒன்றை ஸ்விஃப்ட் நிரல்மொழியில் எழுதிவருகிறேன். பெரியப்பா காலையில் எழுந்ததும் கேட்பது அந்த விலையைத்தான்.

சர்வரிலிருந்து தகவல் வந்ததும் ஓடும் குளோஷரில் (பிறகு இயக்குவதற்காகக் கொடுத்துவைக்கும் நிரல்துண்டு) இரண்டு நாளாகச் சிக்கல். டிக்‌ஷனரியிலிருந்து (பெயரும் அதற்கான மதிப்பும் சேர்ந்த தொகுப்பு) எடுக்கும் விலை ஆப்ஷனல், அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உள்ளே இருக்கும் மதிப்பைப் பிரித்தெடுக்கச் சொல்கிறது கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மாற்றும் கருவி). நினைவகக் கசிவைத் தவிர்க்க 'வீக் செல்ஃப்' (தன்னையே பலமாகப் பிடித்துவைக்காத குறிப்பு) சேர்த்ததும் செல்ஃபும் ஆப்ஷனலாகி இன்னொரு பிழை. மதிப்பு நிச்சயம் உண்டு என்று சொல்லும் ஆச்சரியக்குறி போட்டால் பிழை மறைகிறது, ஆனால் ஏலம் இல்லாத நாளில் செயலியே நின்றுவிடுகிறது. '?? 0' (விலை இல்லையென்றால் 0) போட மனமில்லை. கிலோ 0 ரூபாய் என்று பார்த்தால் பெரியப்பா பதறிப்போவார்.

விலை இல்லையென்றால் அங்கேயே வெளியேறும் 'கார்ட் லெட்' எழுதி ரிட்டர்ன் செய்தால் திரை வெறுமையாக நிற்கிறது. "இன்று ஏலம் இல்லை" என்று காட்ட, குளோஷருக்கு வெற்றி அல்லது பிழையைச் சொல்லும் 'ரிசல்ட்' வகையைக் கொடுப்பதா, ஆப்ஷனலையே அனுப்புவதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.