குறைபார்வை உள்ள பிள்ளைக்கு எந்தத் திரைப் பெரிதாக்கி நல்லது?

வணக்கம். என் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், குறைபார்வை. கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து பிடிபடாது. லேப்டாப் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் படிக்கிறாள், சாயந்திரமானால் கழுத்து வலி என்று சுருண்டு படுத்துவிடுகிறாள், பார்க்கவே மனசு தாங்கவில்லை.

இப்போதைக்கு விண்டோஸிலேயே இருக்கிற, திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையர்தான். விண்டோஸ் விசையோடு பிளஸ் அழுத்தினால் வந்துவிடும். அப்புறம் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாறும், அவளுக்குக் கண் கூசுவதில்லை. சிக்கல் என்னவென்றால், 4 மடங்கு பெரிதாக்கினால் திரையில் 16-ல் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும். வரியின் கடைசி வரை மவுஸை நகர்த்திவிட்டு அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்குள் படித்தது மறந்துபோகிறது. வடிவியல் இன்னும் கஷ்டம், படம் ஒரு மூலையில், கேள்வி வேறு மூலையில்.

ஜூம்டெக்ஸ்ட் மாதிரி, பெரிதாக்கிக்கொண்டே வாசித்தும் காட்டுகிற மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு வித்தியாசம் தெரிகிறதா? கரும்பலகையைப் படம்பிடித்து லேப்டாப்பில் காட்டும் கேமராவை வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போக முடிகிறதா? பெரிய மானிட்டர் வாங்கச் சொல்கிறார்கள், வீட்டுக்குச் சரி, பள்ளிக்கு என்ன செய்வது?

குறைபார்வையோடு படித்து வந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. பதில்களை அவளே படிப்பாள்.