கீழ் முதுகு பிடிச்சுக்கிச்சு, படுத்தே இருக்கணுமா இல்ல நடக்கலாமா?

நாற்காலிவாசி:
போன வாரம் தரையில கெடந்த ஒரு பெட்டிய குனிஞ்சு தூக்குனேன், சுரீர்னு பிடிச்சுது, அதுலேர்ந்து இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் வலி. காலுக்கு இறங்கல, மரத்துப்போகவும் இல்ல. காலையில பல் விளக்க வாஷ்பேசின்ல குனியும்போதுதான் உயிர் போகுது, மதியத்துக்கு மேல பரவால்ல. வீட்டுல அசையாம படுங்குறாங்க, ஆபீஸ்ல ஒருத்தர் உடனே ஸ்கேன் எடுங்குறார், யூடியூப்ல ஆளுக்கொரு ஆசனம். ஒத்தடம் சூடா, ஐஸா? எக்ஸர்சைஸ் இப்பவே பண்ணலாமா?

மெதுவாநட:
படுத்தே கெடக்காதீங்க, அதான் முதல் விஷயம். ரொம்ப வலிச்சா ஒருநாள் ஓய்வு சரி, அதுக்கு மேல படுத்தா தசை இன்னும் இறுகும். காலையில ஏன் ஜாஸ்தின்னா, ராத்திரி பூரா படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் தண்ணிய உறிஞ்சி உப்பிக்கும், அப்ப குனிஞ்சா அதுமேல அழுத்தம் அதிகம். எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் குனியிறத குறைங்க, பல் விளக்கும்போது ஒரு கைய பேசின் மேல ஊனிக்கிட்டு முழங்கால லேசா மடக்குங்க, வித்தியாசம் தெரியும். ஒத்தடத்துக்கு சூடுதான் என் ஓட்டு, துண்டு சுத்தி 15-20 நிமிஷம், ஆனா ஹாட்பேக் மேலயே தூங்கிடாதீங்க தோல் வெந்துரும். ஐஸ் இதமா இருந்தா அதுவும் தப்பில்ல.

பாய்விரி:
நான் இதுலயே வருஷக்கணக்கா குடித்தனம் நடத்துறவன் :) மல்லாக்க படுத்து முழங்கால மடக்கி பாதத்த தரையில வைங்க, இடுப்புக்கு கீழ ஒரு இடைவெளி இருக்கும்ல, வயித்த லேசா இறுக்கி அந்த இடைவெளிய தரையோட அழுத்துங்க, 5 செகண்ட் பிடிச்சு விடுங்க, மூச்ச அடக்காதீங்க. பத்து தடவை போதும். அப்புறம் ரெண்டு கையும் முழங்காலும் தரையில ஊனி நின்னு முதுக மெதுவா மேல வளைச்சு கீழ இறக்குறது. லேசா இழுத்தா ஓகே, வலி காலுக்கு இறங்குச்சுன்னா அன்னிக்கு அத விட்ருங்க. சிட்அப், கால நீட்டி குனிஞ்சு விரலத் தொடுறது இப்ப வேணவே வேணாம். தூங்கும்போது முழங்காலுக்கு அடியில தலகாணி, ஒருக்களிச்சு படுத்தா ரெண்டு முழங்காலுக்கு நடுவுல.

நாற்காலிவாசி:
நன்றிங்க. எண்ணெய் தேய்க்கலாமா? அந்த ஸ்கேன்?

மெதுவாநட:
தேய்ங்க, இதமா இருக்கும், ஆனா சொடக்கு எடுக்குறேன்னு யாரையும் முதுக திருக விடாதீங்க. ஸ்கேன் இப்ப தேவையில்ல, வலியே இல்லாதவங்களுக்கும் எடுத்துப் பாத்தா டிஸ்க் பிதுக்கம்னு வரும், அத படிச்சே பாதி பேர் பயந்து நடக்குறத நிறுத்திடுறாங்க. இந்த மாதிரி பிடிப்பு முக்காவாசி சில வாரத்துல தானா அடங்கிடும். ஆனா ஒண்ணுக்கு வராம அடைக்கிறது இல்ல கட்டுப்படாம போறது, உக்கார்ற இடம் மரத்துப்போறது, கால்ல பலம் குறையிறது, இதுல எது வந்தாலும் ஒத்தடத்த தூக்கிப் போட்டுட்டு உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க. கீழ விழுந்து வந்த வலி, கூடவே காய்ச்சல், காரணமில்லாம எடை குறையிறது, இதுக்கும் டாக்டர பாக்காம இருக்காதீங்க.

பாய்விரி:
வலி போனதும் நடைய விட்ராதீங்க, எல்லாரும் அங்கதான் கோட்டை விடுறது. 2024ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு வந்துச்சு, முதுகு வலி வந்து சரியானவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு படிப்படியா நடைப்பயிற்சி குடுத்தாங்க, அவங்களுக்கு வலி திரும்ப வர சராசரியா 208 நாள் ஆச்சு, சும்மா இருந்தவங்களுக்கு 112. இப்போதைக்கு பத்து நிமிஷமா ரெண்டு மூணு தடவை நடங்க, ஆபீஸ்ல அரை மணிக்கு ஒருக்கா எந்திரிங்க.

நாற்காலிவாசி:
சரிங்க, இன்னிக்கு சாயங்காலமே பத்து நிமிஷத்துல ஆரம்பிக்கிறேன். அந்த பெட்டிய வேற யாராவது தூக்கட்டும்.