வாங்குபவர் யார் என்று தரகர் கடைசி வரை சொல்லவே இல்லை

அப்பா பெயரில் கூடுவாஞ்சேரியில் ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. அதை விற்க அந்தப் பகுதித் தரகர் ஒருவரிடம் சொல்லி வைத்தோம், 2 சதவீதம் கமிஷன். நான் ஓசூரில் இருக்கிறேன், நினைத்தபோது போய்வர முடியாது. அவரைத்தான் நம்பினோம். "இந்தத் தெருவுக்கு இதுக்கு மேல போகாது சார்" என்று மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி விலையை இறக்கினார்.

கிரய ஒப்பந்தம் எழுதும் நாளில் வாங்குபவரின் ஆதார் ஜெராக்ஸ் கைக்கு வந்தது. முகவரி எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பர்ஸில் இருந்த தரகரின் விசிட்டிங் கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே தெரு, அதே கதவு எண்; 'முதல் மாடி' மட்டும் கூடுதல். கேட்டதும், "மச்சான்தான் சார், உங்களுக்குப் பணம் வந்தா சரிதானே?" என்றார். டோக்கனாக வந்த 50,000 ரூபாயும் தரகர் கணக்கிலிருந்துதான் வந்திருந்தது. அப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம்.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆம் பிரிவை வக்கீல் எடுத்துக் காட்டினார். விற்கச் சொன்ன சொத்தை முகவரே இன்னொருவர் பெயரில் வாங்கிக்கொண்டால், முக்கியமான விஷயத்தை நேர்மையில்லாமல் மறைத்தார் என்றோ விற்றவருக்கு அதனால் பாதகம் என்றோ காட்டி விற்பனையையே மறுக்கலாம். சட்டத்தில் தந்திருக்கும் உதாரணமே அதுதான். நோட்டீஸ் அனுப்புவோம் என்றதும் தரகர் ஒதுங்கிக்கொண்டார், டோக்கனைத் திருப்பிக் கொடுத்தோம்.

பலரும் தரகரிடம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் கேட்கச் சொல்கிறார்கள். பதிவான திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத்தரும் முகவருக்கு அது கட்டாயம், கேட்டே ஆக வேண்டும். ஆனால் எங்களுடையதைப் போன்ற தனி மனை மறுவிற்பனை அதற்குள் வராது. நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள், எதிர்த்தரப்பிலும் கமிஷன் உண்டா, வாங்குபவர் உங்களுக்கு உறவா என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் கேட்டு பதில் வாங்கி வையுங்கள். நான் கேட்கவில்லை.

*

மறுமொழி:

உங்கள் அப்பாவை நினைத்தால் மனசு கனக்கிறது. எனக்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. முடிச்சூரில் தரைத்தள வீடு பார்க்கப் போனோம். புதுப் பெயின்ட், பளிச்சென்று இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது தரகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். பெயின்ட் போகாத இடத்தில் மண் கறை, என் இடுப்பு உயரம். "2015 டிசம்பர் தண்ணி அம்மா. வாங்குறதும் விடுறதும் உங்க இஷ்டம்." வாங்கவில்லை. அடுத்த வருடம் அவர் காட்டிய வீட்டில்தான் இப்போது இருக்கிறோம்.