டைவ் வாட்ச்சில் ரெண்டாவது ஊர் நேரம்: நம்ம அஞ்சரை மணிக்கு ஒத்து வருமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பர்கூர் கிரானைட்:

துபாயில் இருக்கும் என் சித்தப்பா பையன் லீவுக்கு வந்தப்போ கையில் டியூடர் பிளாக் பே ஜிஎம்டி, ரெண்டாவது ஊர் நேரமும் காட்டும் வாட்ச். 2018ல் வந்த மாடல்; 41 மில்லிமீட்டர், 200 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், ஒருபாதி நீலம் ஒருபாதி சிவப்பு பெசல் (கண்ணாடியைச் சுற்றித் திரும்பும், 24 மணி எண்கள் போட்ட வளையம்). "போட்டுப் பாருண்ணா, புடிச்சா அடுத்த தடவை உனக்கும் எடுத்துட்டு வரேன்"னு கழற்றிக் கொடுத்தான். அவன் கிளம்புற வரைக்கும் அது என் கையில்தான் இருந்தது. லட்சக்கணக்கில் போகிற பொருள். சும்மா அழகா இருக்குன்னு வாங்க மனசு வரவில்லை, அதனால் வேலை நேரத்திலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு வேலை கிரானைட் ஏற்றுமதி. துபாய், சவூதி, சிங்கப்பூர், லண்டன் என்று நாள் முழுக்க போன். அங்கே மணி என்ன என்று கணக்குப் போடுவதே பாதி வேலை. காரணம் நம்ம நேரம்தான். 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து எடுத்ததால் கிரீன்விச்சுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னால் நிற்கிறோம். பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் இருக்க, நமக்கோ அந்த அரைமணி ஒட்டிக்கொண்டே வருகிறது. துபாய் ஒன்றரை மணி பின்னால், சவூதி ரெண்டரை பின்னால், சிங்கப்பூர் ரெண்டரை முன்னால்.

ஜிஎம்டி வாட்ச்சில் ஒரு சிக்கல் என்னவென்றால், ரெண்டு ஊருக்கும் நிமிஷ முள் ஒன்றுதான். நாலாவது முள் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும். அதற்கும் சின்ன முள்ளுக்கும் நடுவே முழு முழு மணி வித்தியாசம்தான் வைக்க முடியும். அப்போ அரைமணி எங்கே போவது? பெசலில். இந்த டியூடர் பெசல் ரெண்டு பக்கமும் திரும்பும், ஒரு சுற்றுக்கு 48 கிளிக். அதாவது ஒரு கிளிக்குக்கு அரைமணி. நாலாவது முள்ளை நம்ம நேரத்திலேயே விட்டுவிட்டு, பெசலை வலப்பக்கமா மூணு கிளிக் திருப்பினால் முள் காட்டுவது துபாய் நேரம். காலை பத்து மணிக்கு முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கும்: எட்டரை. சவூதிக்கு அஞ்சு கிளிக். சிங்கப்பூருக்கு அதே அஞ்சு, ஆனால் இடப்பக்கம். லண்டனுக்கு கோடையில் ஒன்பது, குளிர்காலத்தில் பதினொன்று. கவனிச்சீங்களா, நமக்கு எல்லாமே ஒற்றைப்படையில்தான் வருகிறது. நேபாளத்துக்கு இந்த வித்தை பலிக்காது, அவர்கள் நம்மைவிடக் கால் மணி முன்னால்!

இதனால்தான் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2 பக்கம் எனக்கு மனசு போகவில்லை (பணமும் போகாது, அது வேறு விஷயம்). செராமிக் பெசல் வந்த பிறகு அதில் 24 கிளிக்தான். அரைமணிக்கு நிற்க இடமே இல்லை.

அடுத்தது தூசி. குவாரியில் ஒரு நாள் போட்டுக்கொண்டு நின்றால் போதும், பெசல் இடுக்கில் மாவு மாதிரி கல்தூசி அடைந்து, திருப்பினால் கரகரக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்ததும் பழையபடி ஆனது. கண்ணாடி சஃபையர், மோஸ் கடின அளவில் 9. நம்ம கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் கண்ணாடியில் கீறல் விழாது. ஆனால் ஸ்டீலும் பெசலில் இருக்கும் அலுமினியத் தகடும் குவார்ட்ஸுக்கு முன்னால் நிற்காது. தம்பிக்குப் பதில் சொல்லணுமே என்று குவாரிக்குப் போகும்போதெல்லாம் கழற்றி பீரோவில் வைக்க ஆரம்பித்தேன். கரடுமுரடான வேலைக்கு என்று செய்த வாட்ச்சை வேலைக்குப் போகும்போது கழற்றி வைப்பது என்ன நியாயம்?

தடிமன் 14 மில்லிமீட்டருக்கு மேல். முழுக்கைச் சட்டை பட்டன் போட்டால் உள்ளே போகாது. வேட்டி கட்டும் நாளில் மட்டும் பிரச்சினை இல்லை, அன்றைக்கு அரைக்கைதான்.

ஓசூர் வாசி:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. நான் ஓசூர் டைட்டன் ஆலையில் அசெம்பிளியில் இருந்து ஓய்வு பெற்றவன். 1984ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து கம்பெனி தொடங்கினப்போ ஓசூர் தர்மபுரி மாவட்டம். 2004ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. அதனால் ரெண்டு மாவட்டத்துக்காரர்களும் வாட்ச் பற்றிப் பேச உரிமை உள்ளவர்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஜிஎம்டியில் ரெண்டு ஜாதி. ஒன்றில் பக்கத்தில் இருக்கும் சாவியை ஒரு படி இழுத்தால் சின்ன முள் மட்டும் மணி மணியாகத் தாவும். நொடி முள் நிற்காது. ஊர் ஊராகப் பறக்கிறவனுக்கு அது. உங்க தம்பி வாட்ச் அந்த ரகம். இன்னொன்றில் தாவுவது 24 மணி முள். வீட்டில் உட்கார்ந்து வெளியூருக்குப் போன் பேசுகிறவனுக்கு இது போதும், விலையும் குறைவு. 2023ல் வந்த சீக்கோ ப்ராஸ்பெக்ஸ் டைவர் ஜிஎம்டி அப்படித்தான். 6ஆர்54 இயந்திரம், முழுச் சாவிக்கு 72 மணி நேரம் ஓடும், அதுவும் 200 மீட்டர்.

பறக்கிற ரகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பாதி நம்ம ஊர்க்காரனுக்கு வீண் என்பேன். இங்கிருந்து துபாய் இறங்கினால் சின்ன முள்ளைத் தாவ விட்டால் மட்டும் போதாது, நிமிஷ முள்ளையும் அரைமணி நகர்த்தணும். அதற்கு வாட்ச்சை நிறுத்தித்தான் ஆகணும், 24 மணி முள்ளும் கூடவே அரைமணி நகர்ந்துவிடும். நொடி பிசகாமல் ஊர் மாற்றலாம் என்ற பெருமை சிங்கப்பூர்க்காரன் துபாய் போனால் சரி. நமக்கு அது கிடைக்காது.

பென்னாகரத்தான்:

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போடலாமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கப்பா 😀

அந்தமான்ல குதிச்சவன்:

@பென்னாகரத்தான் அண்ணா, போடலாம், சாவியைத் திருகி மூடியிருந்தால். திறந்திருந்தால் 200 மீட்டர் என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை, குளியலறை வாளியே போதும். எண்ணெயும் சீயக்காயும் பெசல் அடியில் தங்கும், நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்க. லெதர் ஸ்ட்ராப் என்றால் வேண்டாம்.

தர்மபுரியில் பிறந்து அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கற்றுக்கொண்டவன் நான். இந்த இழையில் எல்லோரும் மணியைப் பற்றியே பேசுகிறீர்கள், டைவ் பக்கம் யாரும் வரவில்லை. டைவ் வாட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் உண்டு. அதன்படி நீருக்கடியில் இருந்த நிமிஷத்தை அளக்க ஒரு வழி வேண்டும், அது தவறி நகரவும் கூடாது. அதனால் பெரும்பாலும் நிமிஷம் குறித்த பெசல் வைக்கிறார்கள், அதுவும் ஒரே பக்கம் திரும்பும். பாறையில் இடித்து பெசல் தானாக நகர்ந்தாலும், நீருக்கடியில் இருந்த நேரம் அதிகமாகத்தான் தெரியணும், குறைவாகத் தெரியக் கூடாது என்பதற்காக. குறைவாகக் காட்டினால் காற்று இன்னும் இருக்கிறது என்று நம்பிக் கீழேயே இருந்துவிடுவோம்.

பர்கூர் அண்ணா புகழ்கிற 48 கிளிக் பெசல் ரெண்டு பக்கமும் சுற்றும், அதில் நிமிஷமும் இல்லை. மேலே ஏறும் வழியில் பாதுகாப்புக்காக அஞ்சு மீட்டரில் மூணு நிமிஷம் நிற்கணும் என்றால் அதை வைத்து அளக்க முடியாது. விமானிக்கு என்று வந்த பெசலை டைவ் வாட்ச் உடம்பில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓசூர் ஐயா சொன்ன சீக்கோவில் பெசல் 60 நிமிஷம், ஒரே பக்கம். 24 மணி எண்கள் உள்வளையத்தில். டைவுக்கு அது சரி. ஆனால் உள்வளையம் அசையாது, அதனால் உங்க அரைமணியை மனக்கணக்கில்தான் போடணும்.

உண்மையில் இப்போ எல்லோரும் ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர்தான் கட்டுகிறோம். வாட்ச் துணைக்குத்தான். பொழுதுபோக்கு டைவில் 40 மீட்டருக்குக் கீழே போக விடவே மாட்டார்கள், 200 மீட்டருக்கு எங்கே போவது?

ராத்திரி ஷிஃப்ட்:

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். தர்மபுரியில் வீட்டிலிருந்தே சிகாகோ கம்பெனிக்கு வேலை. என் கையில் இருப்பது அதே டியூடரின் பிளாக் பே 58 ஜிஎம்டி, 2024ல் வந்தது. 39 மில்லிமீட்டர், தடிமன் 12.8. 41ஐக் கடையில் போட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு எலும்பில் இடித்தது, இது இடிக்கவில்லை.

நான் பர்கூர் அண்ணன் மாதிரி நிறைய கிளிக் எண்ணுவதில்லை. 24 மணி முள்ளையே அமெரிக்க மணிக்கு வைத்துவிட்டு, மிச்ச அரைமணிக்குப் பெசலில் ஒரே ஒரு கிளிக். மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது ரெண்டு கிளிக் தள்ளினால் ஆச்சு. போன் பார்த்தால் போதாதா என்று என் மாமியார் கேட்கிறார். போனை எடுத்தால் மணி மட்டுமா பார்க்கிறோம்?

தேதி ஒன்று கவனிங்க: தேதிக் கட்டம் நம்ம ஊர்த் தேதிதான் காட்டும். நடுராத்திரி தாண்டினால் அங்கே இன்னும் நேற்று. மீட்டிங் குறிக்கும்போது அதுதான் உதைக்கும்.

பர்கூர் கிரானைட்:

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, நான் வருஷத்துக்கு ஒரு தடவை பறந்தால் பெரிய விஷயம், அதனால் தாவுகிற சின்ன முள்ளுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது புரிகிறது. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் தங்கச்சி சொன்ன அந்த ஒரு கிளிக் சீக்கோவில் கிடைக்காதே, அங்கேதான் நிற்கிறேன். டைவ் பண்ணப் போவதில்லை, கேஆர்பி டேம் பூங்காவைத் தாண்டி தண்ணீர்ப் பக்கமே போகாதவன். அதனால் நிமிஷ பெசல் இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

58 ஜிஎம்டியை பெங்களூரில் கையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தம்பியை எடுத்து வரச் சொல்லப் போவதில்லை; விமான நிலையத்தில் சுங்கத்துக்குக் கணக்குக் காட்டிக்கொண்டு அவன் நிற்க வேண்டாம். இங்கேயே பில்லோடு வாங்கினால் சர்வீஸுக்கும் இங்கேயே போய்க் கேட்கலாம்.