யாரும் தூக்க முடியாத பிக்காசு எதற்கு?

மரத்தூள்:
ஜெர்மனியின் காசெல் நகரில், ஃபுல்டா ஆற்றங்கரையில் நிற்கும் பிக்காசுச் சிற்பத்தின் படத்தை இன்று பார்த்தேன். மண் கொத்துகிற பிக்காசுதான். 1982-ல் அங்கே நடந்த டாகுமென்டா கலைக் கண்காட்சிக்காக சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் செய்தது, உயரம் 12 மீட்டர். என் அப்பா தச்சர். அவருடைய இழைப்புளியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. புளியங்கொட்டை வைத்தால் அப்படியே உட்காரும். 30 வருஷம் இழைத்து விழுந்த பள்ளம் அது, என் விரலுக்குக்கூடப் பொருந்தாது. கருவி என்றால் எனக்கு அதுதான். யாரும் தூக்க முடியாத பிக்காசில் என்ன இருக்கிறது?

கீழவீதி:
அண்ணா, தூக்குகிற ஆளும் அந்த ஊரிலேயே இருக்கிறான். வில்ஹெல்ம்ஸ்ஹோஹே மலை உச்சியில் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் சிலை நிற்கிறது. அவன் அங்கிருந்து வீசியது ஆற்றங்கரையில் வந்து குத்தியது என்பதுதான் ஓல்டன்பர்க் சொன்ன கதை. அலகு மண்ணில் இறங்கியிருப்பதைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கவில்லை, வேலையில் இருக்கிறது.

மரத்தூள்:
கதை நன்றாக இருக்கிறது. சரி, டோக்கியோவுக்கு வாருங்கள். பிக் சைட் கண்காட்சி அரங்கின் முன்னால் ஓல்டன்பர்க்கும் அவர் மனைவி கூசே வான் பிரக்கனும் 1996-ல் நிறுத்திய ரம்பம், 15 மீட்டருக்கு மேல். சிவப்புக் கைப்பிடி போட்ட மேற்கத்திய ரம்பம், தள்ளி அறுக்கிற வகை. ஜப்பானியத் தச்சர் இழுத்துத்தான் அறுப்பார். இழுக்கும்போது தகடு விறைத்துக்கொள்ளும், அதனால் மெல்லிய தகடே போதும். வெட்டும் மெலிதாக விழும். தள்ளுவதா இழுப்பதா என்பதில்தான் ரம்பத்தின் அர்த்தமே இருக்கிறது. அது அங்கே இல்லையே.

நீலக்குடை:
நெதர்லாந்தின் ஓட்டர்லோவில், க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகப் பூங்காவில் இவர்களுடைய தோட்டக் கரண்டி ஒன்று மண்ணில் குத்தி நிற்கிறது. 1971-ல் முதலில் செய்தபோது வெள்ளி நிறம். கூசேவுக்கு அது பிடிக்கவில்லை. டச்சுத் தொழிலாளிகள் வேலைக்குப் போடும் உடுப்பின் நீலத்தை அடிக்கச் சொன்னார். 1976-ல் கரண்டி நீலமானது. உழைக்கிறவர் உடுப்பின் நிறம் கருவிக்கு வந்துவிட்டது. உங்கள் அப்பாவின் பள்ளமும் பிடித்தவர் விட்டுப்போன அடையாளம்தானே மரத்தூள்?

கீழவீதி:
ரம்பம் விஷயத்தில் அண்ணா சொல்வது சரி. எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் அத்தனை பெரிதாக நிறுத்தியதால்தானே அதைத் தள்ளுவதா இழுப்பதா என்று இன்று பேசுகிறோம்? கடையில் தொங்கும் ரம்பத்தைப் பார்த்து யாரும் இப்படிப் பேசியதில்லை.

மரத்தூள்:
தச்சர்கள் பேசுவார்கள் தம்பி, தினமும் பேசுவார்கள். நீலத்தின் கதை எனக்குத் தெரியாது, பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நீலம் மங்கினால் மறுபடி அடித்துவிடுவார்கள். அப்பாவின் இழைப்புளியைப் பார்த்த ஒருவர், பள்ளத்தை அடைத்து மெருகேற்றித் தருகிறேன் என்று கேட்டார். அப்பா அதை வாங்கித் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.